சட்டம் படிக்க எங்கே போவது?

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகிப் பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நாட்கள் வந்துவிட்டால், லிந்துலையிலுள்ள நமது பாடசாலையின் ஆசிரியர் அறை ஒரு சிறு பாராளுமன்றமாக மாறிவிடும். இம்முறை அந்தப் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட பிரேரணை ஒன்றே ஒன்றுதான். அக்கரப்பத்தனை வீதியை ஒட்டிய தோட்டமொன்றில் இன்னமும் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகள், கையில் ஒரு தாளுடன் வாசலில் நின்றாள். பாடநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப வரிசையில் எழுத வேண்டிய தாள் அது. “சேர், சட்டத்துக்கு மூணு கேம்பஸ் இருக்கு. எதை முதல்ல போடுறது?” என்றாள்.

கேள்வி சிறியது. பதில்கள்தாம் பெரியனவாக வந்தன. கொழும்பு என்றார் ஒருவர்; பெயர் இருக்கிறதாம். யாழ்ப்பாணம் என்றார் மற்றொருவர்; தமிழ்ச் சூழலாம். பேராதனை என்றார் மூன்றாமவர், ரயிலேறினால் போய்விடலாமாம். மூவரையும் விஞ்சிய குரலில் நான்காமவர் சொன்னார்: “பொம்பளப் புள்ளைக்குக் கோடு கச்சேரி எதுக்கு? கலைப்பீடத்தைப் போடு. பட்டம் கெடைக்கும், டீச்சர் வேலை கெடைக்கும்.”

இந்த நான்காவது பதிலோடுதான் நமக்கு முதல் வழக்கு. சொன்னவர் நம் நண்பர். லயத்தில் பிறந்து, தாயின் கூடைக் கொழுந்தில் வளர்ந்து, பட்டம் பெற்றவர். அதனாலேயே அவர் சொல் நம்மை அதிகமாகச் சுடுகிறது. ஆசிரியத் தொழிலை நாம் இழித்துரைக்கவில்லை. அதில்தான் நாமும் சோறு உண்கிறோம். ஆனால், தோட்டத்துப் பிள்ளையின் கனவுக்கு ஆசிரிய நியமனமே கூரை என்று நாமே முடிவு கட்டுவோமாயின், அன்று துரைமார் “கணக்குப் பார்க்கத் தெரிந்தால் போதும்” என்று தோட்டப் பள்ளிகளை நடத்தியதற்கும் நமது உபதேசத்திற்கும் என்ன வேறுபாடு? 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோது தோட்டப் பள்ளிகள் அதன் வெளியிலேயே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. ஒரு தலைமுறை பின்தங்கி ஓடத் தொடங்கியவர்களிடம், “இந்தத் தூரம் போதும், நில்” என்று சொல்வது அன்பாகுமா?

கோடு கச்சேரி எதற்கு என்கிறாரே, அந்தக் கோடும் கச்சேரியும் நம்மை என்றாவது விட்டு வைத்தனவா? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அறிவித்தல் கொடாமல் வேலையை விட்ட தோட்டத் தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பியது. கடன் தொகையை எழுதிய துண்டோடு மனிதனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாற்றிய முறை 1921இல்தான் ஒழிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கிற்று. அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தம் வாக்குரிமையைப் பறித்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டு 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டுகள் கழித்துப் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவு கட்ட 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. இலங்கையில் வேறெந்த மக்கள் கூட்டத்தின் வாழ்வும் இவ்வளவு சட்ட இலக்கங்களால் எழுதப்படவில்லை. சட்டம் நம்மைப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறது. நாம் அதைப் படிக்க வேண்டாமா?

படித்தவர்கள் நமக்காக நின்றதும் உண்டு. மடுல்கலைப் பகுதித் தோட்டத்திற்குத் தொழில் பயில வந்து தொழிலாளர் பக்கம் சாய்ந்த பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞரை 1937இல் ஆளுநர் நாடுகடத்த முயன்றார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் பலியானபோது, விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய விதவைக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். தோற்ற வழக்கும் உண்டு: வாக்காளர் இடாப்பில் தம் பெயரைப் பதிய வேண்டிய கோடக்கன் பிள்ளையின் வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தள்ளுபடியாயிற்று. இவர்களுக்கெல்லாம் வாதாடிய வழக்கறிஞர்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் கோவிந்தனின் விதவை தன் துயரத்தைத் தன் மொழியில், இடையில் யாரும் நில்லாமல், தன் வழக்கறிஞரிடம் சொல்லியிருக்க முடியுமா என்ற கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

பழங்கதை பேசுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று சம்பள நிர்ணய சபையின் வழியாக அறிவிக்கப்பட்டபோது கம்பனிகள் எங்கே போயின? நீதிமன்றத்திற்கு. 2024இல் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தபோது எங்கே போயின? அதே நீதிமன்றத்திற்கு. கூலி தேயிலை மலையில் உழைக்கப்படுகிறது. அதன் அளவு கொழும்பில் வாதிடப்படுகிறது.

மலையிலே உள்ள நீதிமன்றமோ வேறொரு பாடம். 1988இன் பதினாறாவது திருத்தம் சிங்களத்தையும் தமிழையும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகளாக்கியது. ஆனால் பதிவு மொழியாகத் தமிழை வடக்கு கிழக்கோடு நிறுத்திக்கொண்டது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டும், ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கூண்டில் நிற்பவனுக்குத் தன்னைப் பற்றி என்ன பதியப்படுகிறது என்பது பெரும்பாலும் விளங்குவதில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே சட்டச் சொல் “தவணை”. ஒரு தவணைக்கு ஒரு நாட்கூலி போகும். இங்கே வாதாடுவதற்குச் சிங்களம் வேண்டும். மேல் நீதிமன்றங்களுக்கு ஆங்கிலம் வேண்டும். கட்சிக்காரியின் வாயிலிருந்து உண்மையைப் பெறத் தமிழ் வேண்டும், அதுவும் தோட்டத்துத் தமிழ் வேண்டும்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மூன்று பெயர்களிடம் வருவோம்.

கொழும்பைப் பெயருக்காகத் தெரிவு செய்வது பேதைமை. 1947இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய சட்டத்துறை, மலையேறிப் பேராதனையில் சில காலம் இருந்து, 1960களில் மீண்டும் கொழும்புக்கு இறங்கியது என்ற பழம்பெருமை எந்தக் கட்சிக்காரனுக்கும் சோறு போடாது. கொழும்புக்கு உள்ள உண்மையான வாய்ப்பு வேறு. சட்டப் பட்டம் பெற்றவுடன் எவரும் சட்டத்தரணியாகிவிடுவதில்லை. 1874இல் தொடங்கப்பட்டுப் புதுக்கடையில் இருக்கும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளில் தேற வேண்டும். மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் பயிலுநராக இருக்க வேண்டும். கொழும்பில் படிக்கும் பிள்ளை அந்த உலகத்தின் வாசலிலேயே நான்கு ஆண்டு நிற்கிறது.

பேராதனை நமக்கு அண்மையில் உள்ளது. தலவாக்கலையில் ரயிலேறினால் நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி அங்கே இறங்கலாம். சிங்கள மாணவரோடு ஒரே விடுதியில் வாழும் வாய்ப்பு அங்கே மிகுதி. இதனை நாம் பாடத்திட்டத்திற்கு நிகரான கல்வியாகவே மதிக்கிறோம். நான்கு ஆண்டு ஒரே குழாயடியில் நின்ற இருவர், பிறகு ஒரே நீதிமன்றத்தில் எதிரெதிராக நின்றாலும் மனிதராகவே நிற்பார்கள்.

யாழ்ப்பாணத்தைப் பற்றி நம் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. தமிழ்ச் சூழல் ஒரு ஆறுதல். வீட்டை முதன்முதலாகப் பிரியும் பிள்ளைக்கு ஆறுதல் சிறிய பொருளன்று. ஆனால் வடக்கின் நீதிமன்றங்கள் தமிழில் பதிகின்றன, ஹற்றனில் அப்படியில்லை. தமிழில் மட்டும் தேர்ந்து திரும்பும் பிள்ளை சொந்த மலையில் அந்நியப்பட்டு நிற்கும். யாழ்ப்பாணம் போகட்டும், ஆனால் சிங்களத்தைத் தானே தேடிப் படிக்கும் உறுதியோடு போகட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். நாம் வாதிடும் அளவுக்கு இந்த வரிசைக்கு வலிமை இல்லை. முடிவு செய்வது இசட் புள்ளி. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது மெய்யே. ஆனால் மாவட்டக் கணக்கு நகரத்துப் பெரிய பாடசாலையையும் மலையுச்சித் தோட்டப் பாடசாலையையும் ஒரே தட்டில் நிறுக்கிறது. லயம் என்ற ஒன்று அந்தக் கணக்கில் இல்லை.

புள்ளி தவறியவர்களை நோக்கித்தான் மதில்களில் ஒட்டிய விளம்பரங்கள் கூவுகின்றன: “லண்டன் சட்டப் பட்டம்! உள்நாட்டிலேயே!” லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம் போலியன்று. ஆனால் அதில் கற்பது இங்கிலாந்தின் சட்டம். நமது நீதிமன்றங்களில் புழங்கும் ரோமன் டச்சுச் சட்டத்தை அது கற்பிக்காது. 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தையோ, 1950இன் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தையோ, 1939இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தையோ கற்பிக்காது. கொழுந்து பறிப்பவளுக்கு வேண்டியவை இவையே. வகுப்புக் கட்டணம் ரூபாவில், பரீட்சைக் கட்டணம் பவுணில். நாம் அறிந்த ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து, ஓய்வு பெற்ற தந்தையின் சேமலாப நிதியையும் இதில் கொட்டிற்று. இரண்டாம் ஆண்டில் பணம் தீர்ந்தது. அந்த இளைஞன் இப்பொழுது கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறான். கல்வியைச் சரக்காக்கியவர்கள் அவனிடம் பெற்றதைத் திருப்பித் தரவில்லை. புள்ளி தவறியவர்களுக்கு நாம் சொல்வது: 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தின் தெரிவுப் பரீட்சைக்கு எழுதுங்கள், தொழில் பார்த்துக்கொண்டே படிக்கலாம், கண்டியில் அதன் பிராந்திய நிலையம் உண்டு. அல்லது சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்கு நேரே எழுதுங்கள்.

அந்தச் சட்டக் கல்லூரியிலும் ஒரு போர் நடந்தது. பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020 டிசம்பரில் வர்த்தமானி வந்தது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதனை நிராகரித்தது. நிராகரித்ததை வரவேற்றோம். ஆனால் வெற்றி விழா எடுத்த நண்பர்களோடு நாம் ஆடவில்லை. தமிழில் எழுத இடமுண்டு என்பது ஒன்று. தமிழில் நல்ல சட்ட நூலும் விரிவுரையும் உண்டு என்பது மற்றொன்று. ஆங்கிலம் கூடாது என்று தோட்டத்துப் பிள்ளையிடம் மேடையில் முழங்கிவிட்டுத் தன் பிள்ளையைச் சர்வதேசப் பாடசாலைக்கு அனுப்பும் தலைவரை நாம் நம்புவதற்கில்லை.

இனி உண்மையான முடிச்சுக்கு வருவோம். பட்டத்திற்குப் பிறகு வரும் அந்த ஆண்டுகளுக்கு யார் படியளப்பது? நான்கு ஆண்டு வரை மகாபொல உதவியும் விடுதியும் எப்படியோ தாங்கும். அதன்பின் கொழும்பில் வாடகை அறை, சாப்பாடு, பரீட்சைக் கட்டணம், கறுப்புக் கோட்டு. பயிலுநர் காலத்தில் கைக்கு வருவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. இங்கேதான் மலையகத்துச் சட்டப் பட்டதாரி முறிகிறான். வீட்டில் தங்கை இருக்கிறாள், கூரைத் தகரம் ஒழுகுகிறது. எந்த அரச நியமனம் முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுகிறான். அவனைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917இல் அம்பேத்கரே லண்டன் படிப்பை இடைநிறுத்தித் திரும்ப நேர்ந்தது. பணம் திரட்டி 1920இல்தான் மீண்டும் கப்பலேறினார். எல்லோராலும் இரண்டாம் முறை கப்பலேற முடியாது.

பெருந்தோட்டத் தொழிற்சங்கங்களைக் கேட்கிறோம். மாதந்தோறும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து, அவன் கைக்கு வருமுன்பே, சந்தா கழிக்கப்படுகிறதே. அதில் ஆண்டுக்கு ஐந்து பிள்ளைகளைப் புதுக்கடையில் வைத்துக் காப்பாற்ற முடியாதா? கட்டிய சந்தாவுக்கு ஒரு சட்டத்தரணியைக் கேட்பது பேராசையா? ஆசிரியர்களாகிய நம்மையும் விட்டுவைக்கவில்லை. பெயர்களைச் சொல்லி வாதிட நமக்கு அரை நாள் இருந்தது. அந்தப் பிள்ளைக்குச் சிங்களம் தெரியுமா என்று அறையிலிருந்த ஒருவரும், இதை எழுதுபவர் உட்பட, கேட்கவில்லை.

அவள்தான் கேட்டாள். கொழும்பு முதலில், பேராதனை இரண்டாவது, யாழ்ப்பாணம் மூன்றாவது என்று காரணங்களோடு நாம் சொன்னோம். அவள் தாளை வாங்கிப் பேராதனையை முதலில் எழுதினாள். “அங்கன்னா அம்மா மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவாங்க, சேர்” என்றாள். அந்தக் காரணம் நம் பட்டியலில் இருக்கவே இல்லை. பிறகு, “சிங்களம் யாரு சேர் சொல்லிக் கொடுப்பாங்க?” என்றாள்.

நமது பாடசாலையில் சிங்கள ஆசிரியரின் நாற்காலி நெடுநாளாகக் காலியாக உள்ளது. தலவாக்கலையில் சிங்களப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் பேசினோம். அவர் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வகுப்பு. அவளோடு இன்னும் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எட்டாவதாக நாமும் ஒரு கொப்பி வாங்கி வைத்திருக்கிறோம்.