தாழ்ந்து நின்று ஜயித்தவள்

ஒரே நாடகத்தைப் பல வருஷம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் உபாத்தியாயருக்கு ஒரு கஷ்டம் உண்டு. சிரிக்க வேண்டிய இடங்களில் சிரிப்பு வராது, யோசனைதான் வரும். ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் ‘ஷீ ஸ்டூப்ஸ் டு கான்கர்’ விஷயத்தில் என் கதி அதுதான்.

1773-ம் வருஷம் மார்ச் 15-ந் தேதி லண்டன் காவெண்ட் கார்டன் நாடகசாலையில் அது அரங்கேறியது. கண்ணீரும் உபதேசமும் மேடையில் மலிந்திருந்த காலம். ஜனங்கள் வாய்விட்டுச் சிரிக்க வேண்டுமென்று கோல்ட்ஸ்மித் விரும்பினார், சிரிக்கவும் வைத்தார். நாடகத்தை டாக்டர் ஜான்ஸனுக்கு அர்ப்பணம் செய்தவர், மறு வருஷமே காலமானார்.

கதாநாயகன் மார்லோ செல்வர் வீட்டுப் பிள்ளை. அந்தஸ்துள்ள பெண்களைக் கண்டால் அவனுக்கு நாக்கு எழாது. பணிப்பெண்களிடமோ பேச்சு மடை திறந்த வெள்ளம்! பெண் பார்க்கப் புறப்பட்டவனிடம், டோனி என்ற குறும்பன் பெண்ணின் வீட்டையே விடுதி என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். விளைவு, வருங்கால மாமனாரையே விடுதிக்காரரென்று எண்ணி மார்லோ அதிகாரம் செய்கிறான்.

பெண் கேட், உயர்ந்த உடையில் முதலில் அவனைச் சந்திக்கிறாள். அவன் அவள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாலையில் எளிய உடை உடுத்த வேண்டுமென்பது அவளுக்கும் தகப்பனாருக்கும் உள்ள ஒப்பந்தம். அந்த உடையில் கண்டு, அவளைப் பணிப்பெண் என்றே அவன் நினைக்கிறான். அவளும் அப்படியே நடிக்கிறாள். உண்மை பாதி வெளியானதும், “நான் இவ்வீட்டாரின் ஏழை உறவினள்” என்கிறாள். அவன் மனம் இளகுகிறது. முடிவில், தகப்பனார்கள் இருவரும் திரைக்குப் பின்னே ஒளிந்து கேட்டிருக்க, பொருளற்றவள் என்று நம்பியே அவள்முன் மண்டியிடுகிறான்.

மாணவர்கள் கைதட்டும் கட்டம் இது. ஒரு வருஷம் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “ஸார், அவள் நிஜமாகவே பணிப்பெண்ணாக இருந்திருந்தால்?” என்றான். அன்று நான் மணி அடித்ததைச் சாக்காக வைத்துத் தப்பினேன்.

பையன் கேட்டது நியாயம். பணிப்பெண் என்று எண்ணியவரையில், மார்லோ அவளிடம் முத்தம் கேட்டான். கையைப் பற்றி இழுத்தான். மரியாதை பிறந்தது, அவள் குடும்பத்துப் பெண் என்று அறிந்த பிறகுதான். வேஷம் போட்ட ஏழை விரும்பியபோது வேஷத்தைக் கலைக்கலாம். அவளுக்குத் திரைக்குப் பின்னே தகப்பனார் இருக்கிறார். நிஜ ஏழைக்குத் திரையும் இல்லை, தகப்பனாரும் இல்லை.

ஆகவே வரன் பார்க்கும் பெற்றோர்களே, பிள்ளையாண்டான் உங்கள் பெண்ணிடம் எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறான் என்று பார்த்து மயங்கிவிடாதீர்கள். பாத்திரம் தேய்ப்பவளிடம் எப்படிப் பேசுகிறான் என்று சற்றுக் கவனியுங்கள். பரீட்சை அங்கேதான் நடக்கிறது.