எண்பத்தைந்து மில்லிமீட்டர் எஞ்சின்

அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரிலிருந்த ஆல்கோ ஆலை, 1941-க்கும் 1944-க்கும் இடையே யூனியன் பசிபிக் ரயில்வேக்காக 'பிக் பாய்' எனும் ராட்சத நீராவி எஞ்சின்களைச் செய்தளித்தது. மொத்தம் 25 எஞ்சின்கள். அதே ஆல்கோ நிறுவனம் 1940 முதல் 1950 வரை எஸ்-2 என்ற டீசல் ஷண்டிங் எஞ்சினையும் செய்தது. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 1500. யார்டுகளிலும் துறைமுகங்களிலும் ஆலைகளின் பின்வாசல்களிலும் பெட்டிகளைக் கோத்தும் பிரித்தும் ஒரு நாட்டின் சரக்குப் போக்குவரத்தை நடத்திவைத்தவை இந்த எளிய எஞ்சின்களே. ஆனால் மாதிரி ரயில் உலகில் ஏறக்குறைய எல்லா அளவுகளிலும் திரும்பத் திரும்ப வார்க்கப்படுவது 25 பேர் கொண்ட அந்தக் குடும்பம்தான். ஆயிரத்து ஐந்நூறு பேர் கொண்ட குடும்பம் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. சிறிய அளவில் புதிய ஷண்டிங் எஞ்சின்கள் வேண்டும் என்று மாதிரி ரயில் ஆர்வலர்கள் பல்லாண்டுகளாக எழுப்பிவரும் கோரிக்கையை விளங்கிக்கொள்ள இந்த இரண்டு எண்களிலிருந்து தொடங்குவதே சரியென்று நமக்குப் படுகிறது.

சிறிய அளவு என்று நாம் இங்கே சொல்வது 'என்' அளவை. தண்டவாளங்களுக்கிடையே 9 மில்லிமீட்டர் இடைவெளி. உண்மையில் நூற்றறுபதில் ஒரு பங்கு. ஜெர்மனியின் ஆர்னால்ட் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் இதை நிலைநிறுத்தியது. இந்தக் கணக்குப்படி, 44 அடிக்குச் சற்று மேல் நீளமுள்ள ஓர் அமெரிக்க ஷண்டிங் எஞ்சின் 85 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அகலம் 19 மில்லிமீட்டர். பிக் பாயோ இதே அளவில் கால் மீட்டர் நீளம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்க அதுவே கம்பீரம். ஆனால் வைத்துப் பார்ப்பதற்கும் ஓட்டுவதற்கும் வேறுபாடு உண்டு.

பெரிய வீடும் நிலவறையும் உள்ளவர்கள் மலைகளையும் பாலங்களையும் கட்டி, நூறு பெட்டிகளை இழுத்துச் செல்லும் எஞ்சின்களை ஓட்டலாம். அடுக்ககத்தில் ஓர் அலமாரித் தட்டு மட்டுமே வாய்த்தவர் என்ன செய்வார்? இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் இதற்கு ஒரு விடை தந்தார். 'இங்கிள்நுக்' என்று பெயர்பெற்ற அவரது அமைப்பில் மூன்றே பக்கப்பாதைகள். ஒன்றில் ஐந்து பெட்டிகளும் மற்ற இரண்டில் மும்மூன்று பெட்டிகளும் நிற்கலாம். எட்டுப் பெட்டிகளிலிருந்து ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, சீட்டு விழுந்த வரிசையிலேயே கோத்து ரயிலாக்க வேண்டும். இப்படி அமையக்கூடிய வரிசைகள் 6720. 'என்' அளவில் ஒன்றேகால் மீட்டர் பலகை இதற்குப் போதும். ஒரு புதிருக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், நாளுக்கு ஒன்றாக அவிழ்க்கத் தொடங்கினால் முடிக்கப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகும். இவ்வளவும் நடக்க வேண்டுமானால் தலைப்பாதையில் மூன்று பெட்டிகளோடு எஞ்சினும் அடங்க வேண்டும். இன்றைய ஆறு அச்சுப் பெருவழி எஞ்சின் 140 மில்லிமீட்டர். அதை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தை ஆட முடியாது. ஆகவே சின்ன எஞ்சின் வேண்டும் என்பது சேகரிப்பவரின் சபலமல்ல. இடம் குறைந்தவரின் அடிப்படைத் தேவை.

ஒன்றுமே வரவில்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சாகும். கேட்டோவின் என்டபிள்யூ2, லைஃப்-லைக்கின் எஸ்டபிள்யூ9/1200, அட்லஸின் விஓ-1000 ஆகியவை பலருடைய பலகைகளில் நெடுங்காலம் உழைத்தவை. ஆனால் பழைய வடிவமைப்புகள் பலவும் எண்முறைக் கட்டுப்பாட்டை மனத்தில் கொண்டு பிறந்தவையல்ல. டிகோடர் என்ற சிறு மின்தகட்டைப் பொருத்த உலோகச் சட்டத்தை அராவி இடம் உண்டாக்க வேண்டியிருந்தது. கை நடுங்கும் வயதில் அது எல்லோராலும் இயலும் வேலையல்ல. அட்லஸ் பின்னாளில் எஸ்-2 எஞ்சினை ஒலியோடு இதே அளவில் வெளியிட்டபோது, இடமில்லை என்ற சாக்கு உடைந்தது. ஆகவே இப்போது கேட்கப்படுவது ஆகாத ஒன்றல்ல. ஒரு முறை ஆன ஒன்றைத் தொடர்ந்து செய்யுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

தயாரிப்பாளர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதையும் பேசியாக வேண்டும். 1:87 அளவிலுள்ள எஞ்சினை 1:160-க்குச் சுருக்கினால் நீளம் ஏறக்குறைய பாதியாகிறது, எடையோ ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. எடை குறைந்தால் தண்டவாளத்தின் மீதான பிடியும் குறையும். மின்சாரம் சக்கரங்கள் வழியாகவே மேலேற வேண்டும். சக்கரங்களோ சின்னவை, நெருக்கமானவை. பாயிண்ட்டின் நடுவிலுள்ள பிளாஸ்டிக் பகுதியைக் கடக்கையில் ஒரு கணம் மின்தொடர்பு விட்டால் எஞ்சின் நின்றுவிடும். தண்டவாளத்திலுள்ள தூசி நூற்றறுபதில் ஒரு பங்காகச் சுருங்குவதில்லை. நீண்ட எஞ்சினில் இக்குறைகள் மறைந்துபோகும்; அது வேகமாகவும் ஓடும். ஷண்டிங் எஞ்சினோ மணிக்கு 5 மைல் வேகத்தில் ஊர வேண்டும். 'என்' அளவில் அது வினாடிக்கு 14 மில்லிமீட்டர்; தன் நீளத்தைத் தானே கடக்க ஆறு வினாடி. அந்த ஆறு வினாடியும் திக்காமல் ஊர்வதே இந்தத் தொழிலின் மிகக் கடினமான சோதனை. கடினமான பொருளைச் சின்னதாக இருக்கிறது என்பதற்காக மலிவாக எதிர்பார்க்கிறோம். பெரிய எஞ்சினைச் செய்வதைவிடச் சின்னதைச் செய்வது எளிது என்ற நம் எண்ணமே பிழை. சிறுகதை எழுதுவது நாவல் எழுதுவதைவிட எளிது என்று நம்புகிறவர்களும் நம்மிடையே உண்டல்லவா?

எனினும் நிறுவனங்களின் ஒரு வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. இருக்கும் அச்சையே வைத்துக்கொண்டு ஆண்டுக்கொரு புது வண்ணம் பூசி, புது ரயில்வேயின் பெயரை எழுதி, புதிய வெளியீடு என்று அறிவிப்பது. வண்ணம் மாறினால் எஞ்சின் புதிதாகிவிடாது. அட்டைப்படம் மாறிய மறுபதிப்பை நாம் புதிய நூல் என்று சொல்வதில்லை.

ஆர்வலர்களிடமும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. இன்று பல மாதிரிகள் முன்பதிவைப் பார்த்தே வார்க்கப்படுகின்றன. போதிய பதிவு சேராவிட்டால் எஃகு அச்சு வெட்டப்படுவதில்லை. கூடுமிடமெல்லாம் வேண்டும் வேண்டும் என்று முழங்கிவிட்டு, அறிவிப்பு வந்ததும் வெளிவரட்டும் பார்க்கலாம் என்று ஒதுங்கினால் அந்த முழக்கத்துக்கு என்ன பொருள்? சிறுபத்திரிகை வாசகர்களான நமக்கு இந்த அனுபவம் புதிதன்று. சந்தா கட்டாத நூறு பாராட்டுக் கடிதங்களால் ஓர் இதழின் அடுத்த எண்ணை அச்சேற்ற முடியாது. காத்திருக்க இயலாத சிலர் வேறு வழி கண்டிருக்கிறார்கள்: கேட்டோ விற்கும் மோட்டார் பொருத்திய சிறு அடிச்சட்டத்தை வாங்கி, முப்பரிமாண அச்சில் எடுத்த மேற்கூட்டை அதன்மேல் அமர்த்திக்கொள்கிறார்கள். அது கையெழுத்துப் பத்திரிகையைப் போன்றது. மதிக்கத்தக்க முயற்சி, ஆயினும் அச்சிதழின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது.

இந்தச் சின்ன எஞ்சின்களை ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்று நாம் யோசித்துப் பார்த்தோம். ஜெனரல் எலெக்ட்ரிக் 1940 முதல் 1956 வரை செய்த 44 டன் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அந்த எடை தற்செயலானதல்ல. 1937-இல் அமெரிக்க ரயில்வேக்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இயக்கு சக்கரங்களின் மேல் 90,000 பவுண்டு எடையுள்ள எஞ்சினில் ஓட்டுநரோடு ஃபயர்மேனும் இருந்தாக வேண்டும். 44 அமெரிக்க டன் என்பது 88,000 பவுண்டு. ஒரு மனிதனின் வேலை 2000 பவுண்டு வித்தியாசத்தில் இல்லாமற்போனது. உள்ளங்கையில் அடங்கும் அந்த மாதிரியின் வடிவத்தில், கூலிக்கும் சிக்கனத்துக்கும் நடந்த ஒரு வழக்கின் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது.

பின்னர் அந்த எஞ்சின்களுக்கும் அதே கதி நேர்ந்தது. ஆலைகளுக்குச் சென்ற தனிப் பக்கப்பாதைகள் பிடுங்கப்பட்டன. ஓரிடத்தில் புறப்பட்டு மற்றோரிடத்தில் முழுதாகச் சேரும் நீண்ட ரயில்கள் பெருகின. எஸ்டபிள்யூ1500 எஞ்சினின் உற்பத்தி 1974-இல் முடிந்தது. அதன் வழிவந்த எம்பி15 வகையும் 1980-களோடு நின்றது. பழைய பெருவழி எஞ்சின்களே இப்போது யார்டு வேலையையும் பார்க்கின்றன. ஒரு மாவு ஆலையின் வாசலில் ஒரேயொரு பெட்டியை மெதுவாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் திரும்பும் காட்சியைப் பார்க்க வாய்க்கும் இடங்கள் அருகிவருகின்றன. அதை மறுபடி காண விரும்புகிறவர் அலமாரித் தட்டில் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பெரிய எஞ்சின்கள் வேகத்தையும் வலிமையையும் நினைவில் வைத்திருக்கும். வேலையை நினைவில் வைத்திருப்பவை இந்தச் சின்ன எஞ்சின்கள். தயாரிப்பாளர்கள் அடுத்த பிக் பாயை அறிவிக்குமுன் ஒரு புதிய ஷண்டிங் எஞ்சினுக்கு அச்சு வெட்டட்டும். ஆர்வலர்கள் அதற்குரிய விலையை முன்கூட்டியே கட்டட்டும். இரண்டும் சேர்ந்து நடந்தால் 85 மில்லிமீட்டர் எஞ்சின் ஒன்று பிறக்கும். 6720 வரிசைகள் அதற்காகக் காத்திருக்கின்றன.