கூரையிலே சூரியன், கம்பத்திலே தொழிலாளி

“வீட்டுக்கு வீடு ஒரு மின்நிலையம், இனி எவர் தயவும் எமக்கு வேண்டியதில்லை” என்னும் பேச்சு இன்று எமது ஆசிரியர் அறைகளிலே அடிக்கடி கேட்கின்றது. இது 2022 ஆம் ஆண்டின் இருளிலே வலுப்பெற்ற பேச்சு. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியிலே நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை இலங்கையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எரிபொருள் வாங்குவதற்கு அந்நியச் செலாவணி இருக்கவில்லை. வசதியுடையோர் தத்தம் கூரையை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினர். அன்றிலிருந்து சூரியத் தகடும் பற்றரியும் நடுத்தர வர்க்கத்தாரின் புதிய நம்பிக்கையாகிவிட்டன.

வடபகுதி மக்களுக்கு இவ்விருள் புதியதன்று. 1990 ஆம் ஆண்டிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு நெடுங்காலம் பொது மின்சாரமின்றி வாழ்ந்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிருந்தது. சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். ஜாம் போத்தலிலே சிறிது மண்ணெண்ணெயும் திரியுமிட்டுப் பிள்ளைகள் படித்தனர். கைக்கு எட்டியதைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் வித்தையை அத்தலைமுறைக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. ஆயினும் அவர்களுள் எவரும் அந்நிலையைச் சுதந்திரம் என்று கூறியதில்லை. முற்றுகைக்கு உட்பட்டோர் வேறு வழியின்றிச் செய்ததை, இன்று சிலர் ஒரு சமூகத் தத்துவமாக உயர்த்துகின்றனர். எமது வாதம் அத்தத்துவத்தோடுதான். சூரியத் தகட்டோடு அன்று.

இப்பேச்சிலுள்ள உண்மையை முதலிற் கூறிவிடுவோம். வீட்டுக்குரிய சிறியதொரு சூரிய மின்னமைப்பைச் சாதாரண மனிதர் தம் கையாலேயே அமைத்துக்கொள்ளலாம். “இது நிபுணர் தொடவேண்டிய பொருள், நீங்கள் பணத்தை மாத்திரம் எண்ணி வையுங்கள்” என்று வியாபாரிகள் கூறுவது, தம் இலாபத்துக்காக அறிவைச் சுற்றி எழுப்பும் வேலியேயாகும். அவ்வேலிக்கு அப்பால் இருப்பது என்ன? சாதாரண தர மாணவனுக்குத் தெரிந்த பெருக்கலும் வகுத்தலுமே.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாற்று விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரம்: 180 வாற்று மணி. 50 வாற்று மின்விசிறியொன்று எட்டு மணி நேரம்: 400. தொலைக்காட்சி 60 வாற்று, மூன்று மணி நேரம்: 180. கைத்தொலைபேசிகளுக்கும் இணையப் பெட்டிக்கும் ஒரு 100. ஆக 860 வாற்று மணி. கம்பியிலும் இன்வேட்டரிலும் பற்றரியிலும் வீணாவதைச் சேர்த்தால் ஏறக்குறைய 1,100 ஆகும். முழு வெயிலுக்குச் சமமான நேரம் நாளொன்றுக்கு நான்கு மணி என்று கொண்டால் 275 வாற்றுத் தகடு போதும். கார்த்திகை, மார்கழி மழைநாட்களை நினைந்து 400 அல்லது 450 வாற்று வைப்பவர் அறிவாளி. ஈய அமிலப் பற்றரியிலே 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது 1,200 வாற்று மணி. ஆனால் அதிற் பாதியை மாத்திரமே நாள்தோறும் எடுக்கலாம். மீறினால் பற்றரி விரைவிற் கெட்டுவிடும். எனவே இரண்டு வேண்டும். லிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரியாயின் ஒன்றே ஏறக்குறைய அவ்வேலையைச் செய்யும். விலை அதிகம், ஆயுளும் அதிகம். மோட்டார் வாகனப் பற்றரி இதற்கு ஆகாது. ஒரு கணம் பெருமின்னோட்டம் கொடுத்து இயந்திரத்தைக் கிளப்புவதற்காக மெல்லிய தகடுகளால் ஆக்கப்பட்ட பொருள் அது. இரவிரவாக விளக்கெரித்தால் சில மாதங்களில் உயிர்விடும். இதைச் சொல்லாமலே விற்பவர்கள் உளர்.

தகட்டைத் தெற்கு நோக்கி ஏறக்குறைய 10 பாகை சரித்தல் எமது அகலக்கோட்டுக்குப் பொருந்தும். மழையும் தூசியைக் கழுவிவிடும். தென்னோலையொன்றின் நிழல் ஓரத்தில் விழுந்தாலும் விளைவு பெரிது, ஏனெனில் உள்ளேயுள்ள கலங்கள் தொடராக இணைக்கப்பட்டவை. முதலிற் பற்றரியை மின்னேற்றக் கட்டுப்படுத்தியுடன் இணைத்து, அதன் பின்னரே தகட்டை இணைத்தல் வேண்டும். கழற்றும்போது தகடே முதல். ஈய அமிலப் பற்றரி மின்னேறும்போது ஐதரசன் வாயுவை வெளிவிடுமாதலின், அது காற்றோட்டமுள்ள இடத்திலே இருக்கவேண்டும். சுவாமியறையும் படுக்கையறையும் அதற்குரிய இடங்களல்ல.

இவ்வளவும் இலகு. ஆபத்து வேறிடத்தில் இருக்கின்றது. 12 வோல்ற்று என்றதும் “தொட்டாற் கூச்சமும் இல்லை” என்று பலர் அலட்சியம் செய்கின்றனர். 1,000 வாற்று வலுவை 230 வோல்ற்றிலே கொண்டு செல்ல 5 அம்பியர் கூடத் தேவையில்லை. அதே வலுவை 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து எடுக்க 80 அம்பியருக்கு மேல் ஓடவேண்டும். வீட்டு விளக்குக்குரிய மெல்லிய கம்பியிலே அம்மின்னோட்டத்தை விட்டால் உறை உருகித் தீப்பற்றும். தடித்த கம்பியும், பற்றரியின் நேர்முனைக்கு மிக அருகிலே தக்க உருகியும் இன்றி எவரும் இவ்வேலையிற் கை வைத்தலாகாது. கூரையிலுள்ள தகட்டையும் நாம் நினைத்தபோது அணைத்துவிட முடியாது. ஒளி விழும்வரை அது மின்னைத் தந்துகொண்டேயிருக்கும். அதன் நேரோட்டம் தளர்ந்த இணைப்பிலே பொறியாகத் தோன்றினால், ஆடலோட்டப் பொறியைப்போல எளிதில் அணையாது. ஆகவே வியாபாரி கூறுவதுபோல இது மறைபொருளும் அன்று. சுயசார்பு பேசும் நண்பர் கூறுவதுபோல விளையாட்டும் அன்று. கற்கவேண்டிய தொழில்.

கற்பிக்கவேண்டியவர் யார்? இவ்விடத்திலே நாம் எம்மவரைப் பார்த்தே கேட்கவேண்டியிருக்கின்றது. ஓமின் விதியைக் கரும்பலகையில் எழுதி, ஐந்து கணக்குச் செய்வித்து, பரீட்சையிலே சிறப்புச் சித்தி பெறச்செய்யும் ஆசிரியர், தம் வீட்டு உருகி எரிந்தால் “ஒரு பொடியனைக் கூப்பிடு” என்கிறார். அப்பொடியன் பெரும்பாலும் அவரது வகுப்பிலே “படிப்பு ஏறாதவன்” என்று பின்வாங்கிலே இருத்தப்பட்டவனே. கையால் செய்யும் தொழிலை இழிந்ததென்று ஒதுக்கி, அதனைச் செய்வோரைச் சாதியின் பெயரால் ஒதுக்கி, உத்தியோகத்தையே கல்வியின் பயனாகக் கண்ட சமூகம் எம்முடையது. கந்தோரில் இருக்கும் எழுதுவினைஞர் “அவர்”. கம்பத்தில் ஏறும் தொழிலாளி “அவன்”. எமது மொழியின் மரியாதை விகுதியே இவ்விடயத்திலே சாட்சி சொல்லும். 2013 ஆம் ஆண்டிலே உயர்தர வகுப்புக்குத் தொழினுட்பத் துறை வந்தது. அதனையும் விஞ்ஞானம் கிடைக்காதவர்களின் புகலிடமாகவே நம்மிற் பலர் நடத்துகின்றோம்.

அந்த “அவன்” என்னும் மனிதரே எமது வாதத்தின் மையம்.

2022 இன் மின்வெட்டிலே கூரை நிறையத் தகடு பதித்திருந்த பல வீடுகள் நண்பகலிலும் மின்சாரமின்றி இருந்தன. வெயில் காய்கின்றது, தகடு இருக்கின்றது, மின்விசிறி சுழலவில்லை. இலட்சக்கணக்கிற் செலவழித்தவர்கள் ஏமாற்றப்பட்டோம் என்று கொதித்தனர். காரணம் இதுதான்: பொது வலையமைப்போடு இணைந்த இன்வேட்டர், வீதிக் கம்பியிலே மின் நின்றதும் தானும் நின்றுவிடும்படி ஆக்கப்பட்டிருக்கின்றது. அது கோளாறன்று. மின் நின்ற கம்பியைத் திருத்துவதற்கு ஒருவர் கம்பத்தில் ஏறுகிறார். அவ்வேளை ஒரு வீட்டிலிருந்து 230 வோல்ற்று வெளியே சென்றால், வீதியோரத்து மின்மாற்றி அதனைத் தலைகீழாக உயர்த்தி 11,000 அல்லது 33,000 வோல்ற்றாக்கிவிடும். மின் இல்லையென்று நம்பி அக்கம்பியைப் பிடிக்கும் கை அந்தத் தொழிலாளியின் கை.

இதனை அறியாமலோ, அறிந்தும் அலட்சியத்தாலோ, சிலர் என்ன செய்கின்றனர்? பற்றரி இன்வேட்டரையோ மின்பிறப்பாக்கியையோ இரு முனையிலும் செருகியுள்ள வயர் ஒன்றினாற் சுவரிலுள்ள மின் துளையிலே சொருகி, வீடு முழுவதற்கும் மின் கொடுக்கின்றனர். பிரதான ஆளியை அணைக்க மறந்தால் வீதியும் அவ்வீட்டின் பகுதியாகிவிடும். “சிறிய இன்வேட்டர் அயல் வீடுகளின் சுமையைத் தாங்காது, தானே நின்றுவிடும்” என்பர். பெரும்பாலும் நிற்கும். ஆனால் புயலிலே கம்பி அறுந்து, அயல் வீடுகளின் தொடர்பும் அற்றுக் கிடக்கும்போது தாங்கவேண்டிய சுமை எங்கே? 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் நாட்டைச் சிதைத்தபோது, வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் நடுவே கம்பி இழுத்தவர்கள் கூரைத் தகட்டின் உரிமையாளர்களல்லர். ஒரே நேரத்திற் பொதுக் கம்பியும் சொந்த இன்வேட்டரும் இணையவே முடியாதபடி தடுக்கும் மாற்று ஆளி, முழு அமைப்பின் செலவோடு ஒப்பிடுகையில் அற்பமானது. அதனைப் பூட்டாதவர் சுயசார்பைப் பற்றிப் பேசுவதை நாம் ஏற்கமாட்டோம். பொது வலையமைப்போடு இணைக்கும் வேலையோ விநியோக நிறுவனத்தின் அனுமதியுடனும் தகுதிபெற்றவர் கையாலுமே நடைபெறல் வேண்டும். சொந்தக் கைவேலையின் எல்லை அவ்விடத்திலே முடிகின்றது.

இனி, “எவர் தயவும் வேண்டியதில்லை” என்ற கூற்றின் பொருளாதாரத்தைப் பார்ப்போம். 2022 ஆகத்து மாதத்துக்கு முன்னர், மாதம் 30 அலகு பயன்படுத்தும் குடிசைக்கு அலகொன்று 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா. 2023 பெப்ரவரியிலே அதே குடிசைக்கு அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. மொத்தம் 1,300 ரூபா. பின்னர் இக்கட்டணம் குறைக்கப்பட்டதாயினும், நெருக்கடியின் சுமை எவர் தலையில் முதலில் இறக்கப்படுகின்றது என்பதை அவ்வாறு மாதங்கள் காட்டின. அதே காலத்திலே, 2016 இல் தொடங்கிய கூரைச் சூரியத் திட்டத்தின்கீழ் மின்னை விற்ற வீட்டுக்காரர் ஒப்பந்தப்படி முதல் ஏழாண்டுக்கு அலகொன்றுக்கு 22 ரூபா பெற்றார். அவர் பகலில் விற்பார். இரவில், எல்லோருக்கும் தேவைப்படும் ஆறரை மணிக்குப் பின்னர், பொதுக் கம்பியிலிருந்து வாங்குவார். அவ்விரவுக்காக நுரைச்சோலையிலே நிலக்கரி எரியவேண்டும், மின்மாற்றி பேணப்படவேண்டும், தொழிலாளி விழித்திருக்கவேண்டும். சொந்தக் கூரையில்லாத தோட்டத் தொழிலாளியும் வாடகை அறையிலுள்ள ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் அவ்வலையமைப்பின் செலவை முழுமையாகக் கட்டுகின்றனர்.

பற்றரியும் பூட்டி முற்றாக வெளியேறிவிட்டால் என்ன என்று நண்பர் கேட்பார். வெளியேறலாம், அப்போது எஞ்சியிருப்போரின் பங்கு இன்னும் கூடும். உள்ளவர் ஒவ்வொருவராகப் பொதுக்கிணற்றை விட்டு வளவுக்குள்ளே கிணறு வெட்டினால், பொதுக்கிணற்றைத் தூர்வாரும் செலவு இல்லாதவர் தலையிலேயே விழும்.

தனித்தனி வீட்டு மின்சாரத்தின் வரலாறும் எம்மிடம் உண்டு. 1997 முதல் உலக வங்கியின் நிதியோடு நடைபெற்ற திட்டங்களின்கீழ், மின்கம்பி எட்டாத கிராமங்களிலே ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சிறு சூரிய அமைப்புகள் கடனிற் கிடைத்தன. மண்ணெண்ணெய்ப் புகையிலிருந்து விடுபட்டது பெரிய பேறுதான். ஆனால் பற்றரி சில ஆண்டுகளிற் செத்தபோது புதியது வாங்கும் பாரம் அந்தக் கமக்காரர் மீதே விழுந்தது. மின்கம்பி வந்ததும் பலர் அத்தகட்டைக் கைவிட்டனர். சில விளக்குகளுக்கு மேல் தராத அமைப்பு, மின்னழுத்தியும் நீரிறைக்கும் இயந்திரமும் வேண்டியவருக்குப் போதவில்லை.

“பொதுத்துறை ஊழல் நிறைந்தது; அதனை எப்படி நம்புவது?” என்ற கேள்வி நியாயமானதே. சுன்னாகத்திலே மின்நிலைய எண்ணெய் கிணற்று நீரிற் கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 இலே இழப்பீடு கட்டளையிடப்பட்டதை யாம் மறக்கவில்லை. அங்கே குற்றவாளியாகக் காணப்பட்டது தனியார் நிறுவனம் என்பதையும், கண்காணிக்கவேண்டிய அரச அமைப்புகள் உறங்கியதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். அந்நீரைக் குடித்த மக்களுக்குக் கூரைத் தகடு விடையன்று. வழக்குப் போட்டதும் கூடிப் போராடியதுமே விடை.

சூரியனைக் கூட்டாகப் பயன்படுத்த முடியாதென்பதும் பொய். எழுவைதீவிலே காற்றாடியும் சூரியத் தகடும் டீசலும் பற்றரியும் ஒரே சிறு வலையமைப்பாக இணைக்கப்பட்டன. பற்றரி ஒருவரது அறையிலன்றி, தீவுக்குப் பொதுவாக இருந்தது. 2025 ஏப்பிரில் புத்தாண்டு விடுமுறையிலே, தேவை குறைந்து மின் மிகுந்துவிட்டதென்று கூரைத் தகடுகளைப் பகலில் அணைத்துவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. எரிபொருளுக்கு டொலர் இன்றி இருளில் கிடந்த நாடு, மூன்றே ஆண்டுகளில் இலவச வெயிலை வேண்டாமென்றது! மிகுந்ததைச் சேமித்து இரவுக்குத் தரும் பொதுப் பற்றரி ஊருக்கு ஊர் இருந்திருப்பின் அவ்வேண்டுகோளுக்குத் தேவை எழுந்திராது.

ஆகவே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் கேட்பது இரண்டு. பாடசாலை ஆய்வுகூடத்திலே ஒரு தகடு, ஒரு பற்றரி, ஒரு மாற்று ஆளி கொண்டு இவ்வமைப்பை மாணவர் கையாலேயே பூட்டுவித்துக் கழற்றுவியுங்கள். அந்த வகுப்புக்கு வீதியிலே வேலை செய்யும் மின் தொழிலாளியை ஆசிரியராக அழையுங்கள், அவரை “அவர்” என்றே விளியுங்கள். மற்றையது, மின் கட்டணம் மாறுவதற்கு முன்னர் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தை எழுத்திலும் நேரிலும் கேட்கின்றது. கூரைக்கு எவ்வளவு விலை என்று கேட்டு எழுதுவோர் பலர். 30 அலகு வீட்டுக்கு எவ்வளவு, ஊர்ப் பற்றரி எப்போது, கம்பத்தில் ஏறுபவருக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டு அடுத்த முறை ஆசிரியர் சங்கங்கள் எழுதட்டும்.