இறக்கு கூலி

என் வாழ்க்கையில் நான் சுட்டது இரண்டே இரண்டு. ஒன்று, பழைய ஆபீஸில் பக்கத்து ஸீட்டுக்காரரின் பேனா. இன்னொன்று, அவர் டிபன் பாக்ஸிலிருந்த வடை. ஆனாலும் துரைமார்களின் வேட்டைப் புத்தகம் என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். செத்த மிருகத்தின் மேல் ஒரு காலை வைத்து, மீசையை முறுக்கிக்கொண்டு துரை நிற்கும் போட்டோ இருக்கிறதே, அதைப் பார்த்து ஏங்காத நாளில்லை.

அந்த ஏக்கம் போன மாசம் அமாவாசையன்று மகாராஜபுரம் பக்கம் தீர்ந்தது. வத்திராயிருப்பு தாண்டி, சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறைக்குப் போகிற வழியில் வருமே, அந்த மகாராஜபுரம்.

நானும் நண்பனும் மலையேறினோம். "இவ்வளவுதானா!" என்றான். இறங்கும்போது ஒரு வழுக்குப் பாறை அவனுக்குப் பதில் சொன்னது. கணுக்கால் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. அவன் 92 கிலோ, நான் 55. தூக்கிப் பார்த்தேன். என் இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

நல்லவேளை, மேலே சாமான் சுமந்துவிட்டுத் திரும்பிய நாலு பேர் வந்தார்கள். இரண்டு கம்பு, ஒரு போர்வை, டோலி ரெடி. தோள் மாற்றித் தோள் மாற்றி மூன்று மணி நேரம். அவர்களில் பெரியவர் சொன்னார்: "ஏறும்போது மூச்சுதான் வாங்கும் தம்பி. எறங்கும்போது சும நம்மளப் புடிச்சுத் தள்ளும். கொஞ்சம் அசந்தா சுமையும் போச்சு, ஆளும் போச்சு."

அன்று ராத்திரி லாட்ஜில் படுத்திருக்கும்போது துரை போட்டோ ஞாபகம் வந்தது. அது சரி, அந்த மிருகத்தை மலையிலிருந்து தூக்கி வந்தது யார்?

வரையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மலைத்தொடரிலும் உண்டு. துரைமார் அதை 'ஐபெக்ஸ்' என்று தப்பாகக் கூப்பிட்டு நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளில் தேடித் தேடிச் சுட்டார்கள். டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரியின் வேட்டைக் குறிப்புகள் 1892-ல் புத்தகமாகவே வந்தன. வளர்ந்த கிடா சுமார் 100 கிலோ. என் நண்பனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆபத்து என்றால் அது ஓடுவது செங்குத்துப் பாறைக்கு. அங்கே குண்டு பட்டால் நேரே பள்ளத்தில் விழும். துரைக்கு வேலை முடிந்தது. கூட வந்தவர்களுக்கு அப்போதுதான் ஆரம்பம்.

இறங்கித் தேட வேண்டும். நம் ஊர் சூட்டில் கறி சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் குடலை அங்கேயே எடுத்தாக வேண்டும். பாதை தோதாக இருந்தால் நாலு காலையும் கட்டிக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் தூக்கலாம். ஊஞ்சல் மாதிரி ஆடி, சுமக்கிறவனைப் பள்ளத்துப் பக்கமே இழுக்கும். ஒற்றையடிப் பாதை என்றால் துண்டு போட்டுத் தலைச்சுமை. அதுவும் முடியாவிட்டால் கொம்பும் தோலும் மட்டும் மேலே வரும். மீதி கழுகுக்கு.

பி.காம். படித்தவர்களுக்கு 'கேரியேஜ் இன்வேர்ட்ஸ்' மறந்திருக்காது. சரக்கின் விலையோடு அதைக் கொண்டு வந்த கூலியையும் எழுதினால்தான் கணக்கு நேராகும். துரைமார் கணக்கில் கொம்பின் நீளம் அங்குல சுத்தமாக இருக்கும். தூக்கினவர்களுக்குப் பெரும்பாலும் 'கூலிகள்' என்று மொத்தமாக ஒரு சொல்தான்.

அலாஸ்காவில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். மூஸ் என்ற ராட்சத மானைச் சுட்டால் 200 கிலோவுக்கு மேல் கறி தேறும். சாப்பிடக்கூடிய கறியை வீணாக்கக் கூடாது. கொம்பு கடைசி நடையில்தான் வரலாம். முதுகில் கட்டிக்கொண்டு நடையாய் நடக்க வேண்டும். அதனால் அங்கே விவரமானவர்கள் துப்பாக்கியைத் தூக்குமுன், 'இதை இங்கேயிருந்து கொண்டு போக முடியுமா?' என்று யோசிப்பார்கள்.

நமக்கு அந்தக் கவலையே வேண்டாம். வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வரையாடு இன்று நம் மாநில விலங்கு. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303. மகாராஜபுரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மலைக்காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அங்கே எதையாவது சுட்டுத் தூக்கி வந்தீர்களோ, உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அடிவாரத்தில் அந்த நாலு பேர் கூலி கேட்டபோது, "எறங்கு வழிதானே அண்ணாச்சி, கொறைச்சுக்குங்க" என்று பேரம் பேசியவன் நான்தான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். அவர் தோள் சிவந்து கன்றிப்போயிருந்தது.

பிறகு போட்டோ எடுத்தேன். பின்னால் மலை, முன்னால் கட்டுப்போட்ட காலோடு சிரிக்கும் நண்பன். ராத்திரி எடுத்துப் பார்த்தேன். அதில் அந்த நாலு பேரும் இல்லை. பெயரையும் நான் கேட்கவில்லை.

அடுத்த அமாவாசைக்குத் தாணிப்பாறை போகிறேன். மலையேற அல்ல. அங்கே ஒரு பாக்கி நிற்கிறது.