துக்க வீட்டுக்கு ஏது புத்தாண்டு?

ஜனவரி பிறந்துவிட்டால் நம் சங்கக் குடும்பங்களில் தவறாமல் கேட்கும் கேள்வி, "இந்த வருஷம் என்ன தீர்மானம்?" என்பதுதான். ஒருவர் காலையில் நடக்கப் போவதாகச் சொல்வார். இன்னொருவர் சிகரெட்டை விடப்போவதாகச் சொல்வார். சென்ற ஆண்டும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்போம் என்று தாய்மார்கள் சிலர் உறுதி எடுப்பார்கள். எல்லாம் நல்லவையே. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் நம்மில் இரண்டொரு வீடுகள் இந்தக் கேள்விக்கு வெளியே நிற்கின்றன. கணவரையோ, தாயையோ, வளர்ந்த பிள்ளையையோ சில மாதங்களுக்கு முன் பறிகொடுத்த வீடுகள் அவை.

அந்த வீட்டாரிடம் நாம் என்ன சொல்கிறோம்? "நடந்தது நடந்துவிட்டது. புது வருஷத்திலிருந்தாவது மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்கிறோம். பத்தாம் நாளே 'இடுக்கண் அழியாமை' அதிகாரத்தை எடுத்துச் சொல்லும் அன்பர்களும் உண்டு. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆயினும் அது தவறு என்பதே என் கருத்து. துக்க வீட்டுக்காகப் புத்தாண்டுத் தீர்மானம் எடுக்கவேண்டியவர்கள் சுற்றியிருக்கும் நாம்தான். அந்தச் சுமையை இழந்தவர் தலையில் ஏற்றலாகாது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போகவேண்டாம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞம் இருக்கிறது. இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் 2025 மே மாதம் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த பெரிய துறைமுகமே நினைவுக்கு வருகிறது. அதன் பக்கத்திலுள்ள மீன்பிடித் துறைமுகத்தை 2017 டிசம்பரில் பார்த்தவர்களுக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வரும். நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியபோது மீனவர்கள் பலர் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். விழிஞ்ஞம், பூந்துறை, எல்லைக்கு அப்பால் நம் குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று கரை நெடுகக் குடும்பங்கள் கடலைப் பார்த்தபடி காத்திருந்தன. தூத்தூர் வட்டாரம் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே அந்தத் துக்கம் மொழியையும் பார்க்கவில்லை, மாநில எல்லையையும் பார்க்கவில்லை.

இருபத்தைந்து நாளில் கிறிஸ்துமஸ் வந்தது. அடுத்த ஏழாம் நாள் 2018 பிறந்தது. அந்தக் கடற்கரைக்கு இரண்டுமே கொண்டாட்டம் இல்லாமல் கழிந்தன. அதற்கு முன்பும் ஒரு முறை, 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்த ஆறாம் நாளே புத்தாண்டு பிறந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்த வேளை அது. நாட்காட்டி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மனம் மட்டும் ஏன் நாட்காட்டியோடு ஓடவேண்டும்?

ஒக்கியில் இன்னொரு கொடுமையும் இருந்தது. பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றிய தகவல் இல்லையென்றால்தான் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பொது விதி. இரு மாநில அரசுகளும் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, காணாமற்போனவர் குடும்பங்களுக்கும் நிவாரணம் கொடுத்தன. பணத்துக்குத் தேதி குறித்துவிடலாம். ஆனால் அவர் திரும்பி வரமாட்டார் என்று ஒரு மனைவி நம்பத் தொடங்கும் நாளை எந்த அரசாணை குறிக்கும்? பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இத்தகைய இழப்பைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1999இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். முடிவு தெரியாத இழப்பில் துக்கம் உறைந்து நின்றுவிடும் என்பதும், அது அந்த மனிதரின் பலவீனம் அன்று, சூழ்நிலையின் விளைவு என்பதும் அவர் கண்டவை.

"அப்படியானால் துக்கத்திலேயே மூழ்கிக் கிடக்க விட்டுவிடலாமா? ஒரு வேலை, ஒரு குறிக்கோள் இருந்தால் மனம் தேறாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்கும் அதே கடற்கரை பதில் சொல்கிறது. 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, ஒக்கி முடிந்து ஒன்பது மாதம்கூட ஆகாத அந்த ஊர்களிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர்ப் பக்கம் போனார்கள். மாநிலம் முழுவதுமாக 600க்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் அந்தப் பணியில் இறங்கின. பல்லாயிரம் பேர் உயிர் பிழைத்தார்கள். துக்கம் தீர்ந்துவிட்டதாலா அவர்கள் போனார்கள்? இல்லை. கைக்குத் தெரிந்த வேலை ஒன்று கண்முன் வந்தது, செய்தார்கள். திரும்பி வந்தபோது துக்கம் வீட்டில் அப்படியேதான் இருந்திருக்கும்.

துக்கத்தின் இயல்பே இதுதான் என்கிறார்கள் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள். இழந்தவர் ஒரு நேரம் இழப்பையே நினைத்து அழுவார், இன்னொரு நேரம் பால் கணக்குப் பார்ப்பார், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுவார், மறுபடியும் அழுவார். இப்படி மாறி மாறிப் போய்வருவதே ஆறுதலுக்கு வழி என்று 1999இல் அவர்கள் எழுதினார்கள். ஆகவே துக்க வீட்டில் குறிக்கோளே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது சிறியதாக இருக்கட்டும். தவறினாலும் யாரும் கேள்வி கேட்காததாக இருக்கட்டும். இந்த மாதம் வங்கிக் கணக்கில் பெயர் மாற்றுவது, அடுத்த மாதம் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம். அது போதும்.

நம் முன்னோர் இதை அறிந்தேயிருந்தார்கள். பதினாறாம் நாள், மாதச் சடங்கு, ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை, பிறகு தலைத்திவசம் என்று துக்கத்துக்கு ஓர் ஆண்டை ஒதுக்கிவைத்தார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களிலும் முப்பதாம் நாள், ஓராண்டு நினைவுத் திருப்பலி என்று ஒழுங்கு உண்டு. புலம்பெயர்ந்து வந்த நமக்கு அந்த ஓராண்டு கிடைப்பதில்லை. ஊருக்குப் போய்க் காரியத்தை முடித்துவிட்டு, லீவு தீர்ந்ததும் ரயிலேறி வருகிறோம். ஊரில் இறந்தவரைத் தெருவே அறியும். இங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் முகம்கூடத் தெரியாது. அவரைப் பற்றிப் பேச ஆள் இல்லாத துக்கம் இரட்டிப்புத் துக்கம். அந்த இடத்தை நிரப்பத்தான் சங்கம் வேண்டும்.

ஆகவே இந்தப் புத்தாண்டில் நாம் எடுக்கவேண்டிய தீர்மானங்களாகச் சிலவற்றைச் சொல்கிறேன். பதினாறாம் நாளோடு நிறுத்திவிடாமல் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அந்த வீட்டுக்குப் போவோம். மலையாளத்தில் உள்ள விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்போம். வில்லேஜ் ஆபீசுக்கும் தாலுக்கா ஆபீசுக்கும் கூடவே போய் நிற்போம். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காமல், அவரைப் பற்றிய நல்லதொரு நினைவைச் சொல்வோம். "எப்போது பழையபடி ஆவீர்கள்?" என்று மட்டும் கேட்கமாட்டோம்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. மாதக்கணக்காக உறக்கமோ உணவோ இல்லாமல், அன்றாட வாழ்வே நின்றுபோன நிலையில் ஒருவர் இருந்தால், "நாளானால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடக்கூடாது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் நீடித்த துக்கமும் இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும், அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறியும் வாழ்வை முடக்கும் துக்கத்தையே அது குறிக்கிறது. மருத்துவரிடம் அழைத்துப் போகலாம். 'டெலி மானஸ்' என்ற மத்திய அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

நாம் வாழும் மண்ணில் புத்தாண்டுக்குப் பஞ்சமும் இல்லை. ஜனவரி ஒன்று போனால் சித்திரை ஒன்றும் விஷுவும் உண்டு. அதுவும் போனால் சிங்ஙம் முதல் தேதி கொல்லம் ஆண்டு பிறக்கிறது. இழந்தவர் எந்தப் புத்தாண்டில் தலைநிமிர்வார் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரிக் கூட்டத்தில் வாழ்த்துரைகள் தொடங்குமுன், சென்ற ஆண்டில் துக்கம் நேர்ந்த நம் உறுப்பினர் வீடுகளின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு குடும்பங்கள் பொறுப்பேற்கட்டும். டிசம்பரில் அந்தப் பட்டியலை மீண்டும் எடுத்து, யார் யார் போனோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.