கண்ணைக் கொடுப்போம், உண்மையையும் கொடுப்போம்

"செத்தவரோட கண்ணை வெச்சா அவர் நோயும் வந்துடாதா தம்பி?" புக்கிட் ரோத்தான் அருகே ஒரு துக்க வீட்டில் பாட்டி ஒருவர் கேட்டார். சிரித்தவர்களுள் நானும் ஒருவன். தேடிப் படித்தபின் வெட்கமாயிருந்தது.

1978இல் அமெரிக்காவில், வேறு நரம்பு நோயால் இறந்ததாக எண்ணப்பட்டவரின் கருவிழி வழியாக வெறிநாய்க்கடி நோய் தொற்றி, பெற்றவர் மாண்டார். பின்னர் தாய்லாந்திலும் இந்தியாவிலும் அவ்வாறே நேர்ந்தது.

இவை மிக அரிதே. கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை, எச்.ஐ.வி. இதன்வழி பரவியதாக உறுதியான சான்றும் இல்லை. ஹெப்பாட்டைட்டிஸ் பி, சி கிருமிகளையும் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். வெறிநாய்க்கடியை வழக்கமான பரிசோதனை காட்டாது. குடும்பத்தார் சொல்லும் நோய் வரலாறுதான் அங்கே காவல்.

நம் தோட்டங்களிலோ மஞ்சள் காமாலையும் 'வெறும் காய்ச்சல்'தான்! நாய்க்கடிக்கு மஞ்சளைப் பூசி மறந்துவிடுவோம். சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடி உயிர்களைப் பறித்து வருகிறது. இனியும் அது அடுத்த வீட்டுக் கதையல்ல.

கண்ணை இறந்த சில மணி நேரத்திற்குள் எடுக்க வேண்டும். அழுகைக்கு நடுவே மருத்துவப் பணியாளர் கேள்வி கேட்பார். கௌரவம் பார்த்து எதையும் மறைக்காதீர்கள், நண்பர்களே.

பாட்டியிடம் இதை விளக்கினேன். "அப்போ எனக்கு வந்த காமாலையையும் எழுதிக்கோ," என்றார்.