இரவல் கருவியில் இன்னொரு பெயர்

கையடக்க விளையாட்டுக் கருவியை இரவல் கொடுப்பவர் இன்று இரண்டைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, கையில் பிடிக்கும் கருவி. மற்றது, அதில் விளையாடும் உரிமை. கருவி கைமாறினாலும் உரிமை தானாக மாறுவதில்லை. அது வாங்கியவரின் பெயரிலுள்ள கணக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தில் இந்தக் கட்டு அடிக்கடி முன்னுக்கு வரும். நகரத்திலும் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் பல வீடுகளுக்கு இத்தகைய கருவி வந்துசேர்வது வெளிநாட்டு உறவுகள் வழியாகத்தான். ஓகஸ்ட் விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வரும் மாமா கொண்டுவருவார். கட்டாரில் வேலைசெய்யும் அண்ணன் ஊர் திரும்பும்போது வாங்கிவருவார். கருவி ஒன்றாக இருக்கும். அதைக் கேட்டு நிற்கும் பிள்ளைகள் பெரியம்மா வீட்டிலும் சித்தி வீட்டிலும் அயலிலும் இருப்பார்கள்.

பழைய கருவிகளில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. 1990களில் இலங்கைக் கடைகளில் விற்ற பிரிக் கேம் யாரிடமும் பெயர் கேட்கவில்லை. பற்றரி இருந்தால் யாரும் விளையாடலாம். நின்டெண்டோ 1989இல் வெளியிட்ட கேம் பாயில், சேமிக்கக்கூடிய விளையாட்டுகளின் முன்னேற்றம் கசற்றுக்குள்ளேயே பதிவானது. 1996இல் ஜப்பானில் வந்த முதல் போக்கிமோன் விளையாட்டுகளில் ஒரு கசற்றில் ஒரே ஒரு சேமிப்புக்குத்தான் இடம். இரவல் வாங்கியவர் புதிதாகத் தொடங்கிச் சேமித்தால் உரிமையாளரின் உழைப்பு அழிந்துவிடும். கணக்கு இல்லாத காலத்திலும் இரவலுக்கு ஓர் ஆபத்து இருந்தது என்பதற்கு இது சான்று.

சோனி நிறுவனம் 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் இதற்கு நல்ல தீர்வு தந்தது. அதில் சேமிப்பு ஒரு சிறிய மெமரி ஸ்டிக்கில் இருந்தது. இரவல் வாங்குபவர் தனது அட்டையைச் செருகி விளையாடி, திருப்பிக் கொடுக்கும்போது அதைக் கழற்றிக்கொண்டு போகலாம். கருவி ஒருவருடையது, விளையாடிய பயன் இன்னொருவருடையது என்ற பிரிவினை அதில் தெளிவாக இருந்தது. அதற்கு அடுத்துவந்த பிளேஸ்டேஷன் வீட்டா அந்த வசதியை எடுத்துவிட்டது. 2011 டிசம்பரில் வெளிவந்த அக்கருவியில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு இணையக் கணக்குத்தான் இருக்க முடியும். வேறொருவர் தன் கணக்கில் நுழைய வேண்டுமானால் கருவியை ஆரம்ப நிலைக்கு மீட்க வேண்டும். இரவலுக்கு மிகவும் பொருந்தாத கருவி என்று அதைச் சொல்லலாம்.

2017 மார்ச் 3ஆம் திகதி வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச் நடுவழி ஒன்றை எடுத்தது. ஒரு கருவியில் 8 பாவனையாளர் வரை சேர்க்கலாம். இங்கே பாவனையாளர் என்பதையும் நின்டெண்டோ கணக்கு என்பதையும் பிரித்து அறிவது முக்கியம். பாவனையாளர் என்பது கருவிக்குள் இருக்கும் ஒரு பெயரும் படமும் மட்டுமே. அதை உருவாக்க மின்னஞ்சலும் வேண்டாம், இணையமும் வேண்டாம். நின்டெண்டோ கணக்கு என்பது நிறுவனத்தின் சேவையகத்தில் இருப்பது. மின்னஞ்சல், பிறந்த திகதி, நாடு ஆகிய விபரங்களைக் கேட்பது. இணையக் கடையில் விளையாட்டு வாங்கவும் இணையத்தில் பிறரோடு விளையாடவும் கணக்கு வேண்டும். விளையாட்டு கார்ட்டைச் செருகித் தனியே விளையாடுவதற்குப் பாவனையாளர் பெயர் ஒன்றே போதும். இரவல் வாங்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது அந்தப் பெயர்தான்.

அந்தப் பெயரை உருவாக்கிக் கொடுக்காதபோதுதான் மனத்தாங்கல்கள் தொடங்குகின்றன. ஸ்விட்ச்சில் ஒவ்வொரு பாவனையாளருக்கும் தனித்தனிச் சேமிப்பு உண்டு. ஆனால் ஒருவரது பெயரை இன்னொருவர் திறக்காமல் தடுக்கும் தனி இரகசிய இலக்கம் இல்லை. விளையாட்டைத் தொடங்கும்போது திரையில் தெரியும் படங்களில் எதை அழுத்தினாலும் அந்தப் பெயரில் விளையாட்டு திறக்கும். உரிமையாளரின் படம் ஒன்று மட்டுமே இருந்தால் இரவல் வாங்கியவர் அதைத்தான் அழுத்துவார். அதன்பின் அவர் வென்றதும் தோற்றதும் உரிமையாளரின் சேமிப்பிலேயே பதிவாகும். ஒரு பாவனையாளரின் சேமிப்பை அதே கருவியிலுள்ள இன்னொரு பாவனையாளருக்கு மாற்றும் வசதியும் கிடையாது. எனவே பிழையான பெயரில் ஒரு மாதம் விளையாடியதைப் பின்னர் சரியான பெயருக்குக் கொண்டுபோக வழியில்லை.

ஸ்விட்ச்சிலுள்ள போக்கிமோன் விளையாட்டுகள் இன்றும் ஒரு பாவனையாளருக்கு ஒரு சேமிப்பு என்ற விதியைப் பின்பற்றுகின்றன. இன்னொரு பெயரைச் சேர்த்தால் இன்னொரு பயணத்தைத் தொடங்கலாம். உரிமையாளரின் பயணத்துக்குச் சேதமில்லை. 2020 மார்ச்சில் வந்த அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ் அப்படிப்பட்டதன்று. அதில் ஒரு கருவிக்கு ஒரே ஒரு தீவு. 8 பேர் வரை அந்தத் தீவில் வீடு கட்டலாம். ஆனால் முதலில் தொடங்கியவரே தீவின் பிரதிநிதி. தீவை வளர்க்கும் முக்கிய முடிவுகள் அவர் கையிலேயே இருக்கும். உரிமையாளர் இன்னும் தொடங்காத நிலையில் இரவல் வாங்கியவர் முதலில் தொடங்கிவிட்டால், பிரதிநிதிப் பதவி இரவல்காரரிடம் போய்விடும். இந்த விளையாட்டு கருவியில் இருந்தால், உரிமையாளர் தன் தீவைத் தொடங்கிய பிறகே கருவியைக் கொடுப்பது இரு பக்கத்துக்கும் நல்லது.

விளையாட்டு கார்ட்டாக இருந்தால் அதை இரவல் கொடுப்பது எளிது. ஸ்விட்ச் கார்ட்டுகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. கனடாவில் வாங்கியது திருகோணமலைக் கருவியிலும் வேலைசெய்யும். இணையத்தில் இறக்கிய விளையாட்டுக்குத்தான் தனி விதிகள். 2025 ஏப்ரல் இறுதியில் நின்டெண்டோ மெய்நிகர் கேம் கார்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. இறக்கிய ஒவ்வொரு விளையாட்டும் ஒரு கார்ட்டாகக் கணிக்கப்படுகிறது. எந்தக் கருவியில் அது ஏற்றப்பட்டிருக்கிறதோ அந்தக் கருவியில் யார் பெயரிலும் விளையாடலாம். கருவியோடு சேர்த்து இரவல் கொடுப்பவருக்கு இது வசதி.

இரு வீடுகளிலும் கருவி இருந்து, விளையாட்டை மட்டும் கொடுப்பதென்றால் இருவரும் ஒரே குடும்பக் குழுவில் இருக்க வேண்டும். ஒரு குழுவில் 8 கணக்குகள் வரை இருக்கலாம். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு விளையாட்டு, 14 நாட்களுக்கு. அந்த நாட்களில் கொடுத்தவர் அதை விளையாட முடியாது. தவணை முடிந்ததும் அது தானாகத் திரும்பிவிடும்; இரவல் வாங்கியவரின் சேமிப்பு அவரது கருவியிலேயே தங்கும். கொடுக்கும் நேரத்தில் இரு கருவிகளும் அருகருகே இருக்க வேண்டும் என்பதும் விதி. மூதூரிலுள்ள மச்சானுக்கு நகரத்திலிருந்து விளையாட்டைக் கொடுக்க ஒருவர் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிப் போகத்தான் வேண்டும். திருப்பிக் கொடுக்கப் போகத் தேவையில்லை. ரொறன்ரோவிலுள்ள மாமா தன் விளையாட்டை இந்த வழியில் ஊருக்கு இரவலாக அனுப்ப முடியாது. விடுமுறைக்கு வந்து நிற்கும் நாட்களில் கொடுக்கலாம்.

நாடு என்ற விபரமே இலங்கையருக்குத் தனிச் சிக்கல். நின்டெண்டோவின் இணையக் கடை இலங்கைக்கென்று இல்லை. எனவே இங்குள்ள கருவிகளில் இருக்கும் கணக்குகள் பல வேறு நாட்டுப் பெயரில், வெளிநாட்டு உறவினரின் கடனட்டையோடு இருக்கின்றன. ஜப்பானியக் கடை 2025 மார்ச் 25 முதல் வெளிநாட்டுக் கடனட்டைகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் சேவையிலும் இலங்கை சேர்க்கப்படவில்லை; அங்கே கணக்கு உருவாக்கும்போது தெரிவுசெய்த நாட்டைப் பின்னர் மாற்றவும் முடியாது. 2024 மே மாதத்தில், ஹெல்டைவர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டுக்கு அந்தக் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தது. சேவை இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் விற்பனை நிறுத்தப்பட்டது. விளையாடுவோரின் கடும் எதிர்ப்புக்குப் பின் சில நாட்களில் சோனி அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கூட, தான் வாழும் நாட்டின் பெயரால் வெளியே நிறுத்தப்படலாம் என்பதை அந்த நாட்கள் காட்டின. அப்படியானால் மாமாவின் கணக்கை நம்பியிருக்கும் பிள்ளையின் நிலை இன்னும் உறுதியற்றது. மாமா கணக்கை மூடினால் இறக்கிய விளையாட்டுகள் அனைத்தும் போய்விடும். வெளிநாட்டிலிருந்து பரிசு கொண்டுவருவோர் இறக்கும் விளையாட்டுக்குப் பதிலாகக் கார்ட்டைத் தெரிவுசெய்வது இந்தக் காரணத்தால் நல்லது.

வயதுக் கட்டுப்பாடு அடுத்த பூட்டு. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை தானாக நின்டெண்டோ கணக்கு திறக்க முடியாது. பெற்றோர் தமது கணக்கின் கீழ் பிள்ளைக் கணக்கை உருவாக்க வேண்டும். கருவியில் விளையாடும் நேரத்தையும் விளையாட்டின் வயது வரம்பையும் அளக்கும் பெற்றோர் கட்டுப்பாடு இதிலிருந்து வேறானது. ஸ்விட்ச்சில் அது ஒரு பாவனையாளருக்கு மட்டும் பொருந்துவதன்று. கருவி முழுவதற்கும் பொருந்தும். கடைக்குட்டிக்காக ஒரு தாய் போட்ட ஒரு மணி நேர எல்லை, கருவியை இரவல் வாங்கிய 17 வயது மாணவனையும் கட்டுப்படுத்தும். எல்லை தாண்டினால் எச்சரிக்கை ஒலிக்கும். விளையாட்டை நிறுத்தும் அமைப்பும் உண்டு. அதைத் தளர்த்தும் இரகசிய இலக்கம் கொடுத்தவரிடம்தான் இருக்கும்.

அந்தக் கட்டுப்பாட்டுச் செயலி கொடுத்தவரின் கைத்தொலைபேசியில் இருந்தால், யார் எந்த விளையாட்டை எவ்வளவு நேரம் ஆடினார் என்ற அறிக்கையும் அங்கே போகும். இரவல் வீட்டின் பிள்ளை பரீட்சைக் காலத்தில் எத்தனை மணி நேரம் விளையாடியது என்பது இன்னொரு வீட்டுக்குத் தெரியவரும். இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். விளையாடும்போது எடுக்கும் திரைப்பிடிப்புகளுக்கும் இதே கவனம் தேவை. அவை பாவனையாளர்வாரியாகப் பிரிக்கப்படாமல் ஒரே தொகுப்பில் சேர்கின்றன. கருவியைத் திறப்பவர் எவரும் பார்க்கலாம்.

வால்வ் நிறுவனம் 2022இல் விற்கத் தொடங்கிய ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி கணினியைப் போன்றது. அதன் ஸ்டீம் கடை இலங்கைக்கு டொலர் விலையில் விற்கிறது. 2024 செப்டெம்பர் முதல் அங்கே ஸ்டீம் குடும்பம் என்ற முறை இருக்கிறது. 6 பேர் வரை சேர்ந்து ஒருவர் வாங்கியதை மற்றவரும் விளையாடலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் சேமிப்பு. இது ஒரே வீட்டாருக்கானது; விலகியவர் வேறு குடும்பத்தில் சேர ஓராண்டு காத்திருக்க வேண்டும். பகிர்ந்த விளையாட்டில் ஒருவர் ஏமாற்று மென்பொருள் பாவித்துத் தடைபெற்றால், அந்த விளையாட்டை வாங்கியவருக்கும் தடை விழும். நின்டெண்டோவோ மாற்றியமைக்கப்பட்ட கருவியையே இணையச் சேவையிலிருந்து தடைசெய்கிறது. பின்னர் அது யார் கைக்குப் போனாலும் தடை தொடரும். இரவல் வாங்கியவர் செய்யும் பிழையின் விலையைக் கொடுத்தவர் செலுத்துவது இங்கேதான். கருவியைத் திறந்து மாற்றியமைப்பதோ களவுப் பிரதி ஏற்றுவதோ கூடாது என்பது இரவலின் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கணக்கிலெடுத்தால், கொடுப்பதற்கு ஒரு நல்ல முறை கிடைக்கிறது. கருவியைக் கொடுக்கும் முன் இரவல் வாங்குபவரின் பெயரில் ஒரு பாவனையாளரை உருவாக்கி, அந்தப் படத்தை அவரையே தெரிவுசெய்ய விடலாம். இணையக் கடையில் சேமித்துவைத்த கடனட்டை விபரத்தை நீக்கி, ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றலாம். இரவல் வீட்டின் வயதுக்கேற்பப் பெற்றோர் கட்டுப்பாட்டைத் திருத்தலாம். கடவுச்சொல்லைக் கொடுக்கவே வேண்டாம். கருவியின் மொழிகளில் தமிழ் இல்லை. அழித்தல் பற்றிய எச்சரிக்கை ஆங்கிலம் போன்ற வேறு மொழியில்தான் வரும். அந்த எச்சரிக்கை எப்படி இருக்கும் என்று சிறுவருக்கு ஒருமுறை காட்டிவிடுவது அவசியம். ஸ்விட்ச்சோடு வரும் மின்னேற்றி 100 முதல் 240 வோல்ற் வரை தாங்கும். தட்டைப் பின்னுக்கு ஏற்ற அடாப்டரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

திருப்பிக் கொடுப்பவர் தன் வீட்டு வை-ஃபை விபரத்தையும் தனது திரைப்பிடிப்புகளையும் கருவியிலிருந்து நீக்க வேண்டும். அவரது பாவனையாளர் பெயரை நீக்குவது மட்டும் வேறு விதமான காரியம். பெயரை நீக்கினால் அதன் சேமிப்பு முழுவதும் அழியும். அந்தப் பெயருக்கு ஒரு நின்டெண்டோ கணக்கை இணைத்தால், பின்னாளில் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு ஸ்விட்ச் கிடைக்கும்போது இரு கருவிகளையும் அருகில் வைத்து அந்தச் சேமிப்பை மாற்றிக்கொள்ளலாம். கட்டணம் செலுத்தும் இணையச் சேவையில் மேகச் சேமிப்பும் உண்டு. ஆனால் போக்கிமோன் போன்ற சில விளையாட்டுகளுக்கு அது பொருந்தாது. அனிமல் கிராஸிங்குக்கோ சாதாரண மாற்றமும் பொருந்தாது. அதற்குத் தனி நடைமுறை இருக்கிறது.

இணைக்கக் கணக்கு இல்லையென்றால், பெயரை அப்படியே விட்டுவைப்பதே சிறந்த வழி. பெரும்பாலான சேமிப்புகள் விளையாட்டை விட மிகச் சிறியவை. 8 இடங்களில் ஓரிடத்தைத்தான் அந்தப் பெயர் பிடிக்கும். கருவி கொடுத்தவருக்குச் சொந்தம். அதில் வாரக்கணக்காகக் கட்டியெழுப்பிய விளையாட்டு இரவல் வாங்கிய பிள்ளைக்குச் சொந்தம். நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் இந்த இரண்டாவது உரிமையைக் குறிப்பிடுவதில்லை. அதைக் காப்பது கருவியை வைத்திருக்கும் வீட்டின் பொறுப்பு. இடம் போதாமல் ஒரு பெயரை அழித்தே ஆகவேண்டிய நாள் வந்தால், அந்தப் பெயரில் விளையாடியவரிடம் கேட்ட பிறகே அழிக்க வேண்டும்.